வங்கி வழியாகத் திறைசேரி உண்டியல் வாங்குவது எப்படி? இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நிலையான வைப்பு முதிர்ந்து காசு சும்மா நிற்கிறது, வங்கி சொல்லும் புது வட்டி மனதுக்குப் பிடிக்கவில்லை, யாரோ ஒருவர் "ட்ரெஷரி பில் போட்டுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார், கிளைக்குப் போய்க் கேட்டால் முன்மேசையில் இருக்கும் பிள்ளைக்கே அது என்னவென்று சரியாகத் தெரியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பங்குச் சந்தை தெரிந்திருக்கத் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில், என்ன வாங்குகிறோம்

திறைசேரி உண்டியல், அதாவது அந்த "ட்ரெஷரி பில்", அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் ரூபாய்க் கடன். இலங்கையில் 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றின் கீழ் வெளியிடப்பட்டு வந்தது, 2024 இல் பொதுப் படுகடன் முகாமைத்துவச் சட்டம் புதிதாக வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் நமக்குத் தேவையான விஷயம் மாறவில்லை: 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று தவணைகள். மூன்றுமே ஏழால் சரியாகப் பிரிபடும் எண்கள், அதனால்தான் வெள்ளிக்கிழமை வெளியாகும் உண்டியல் வெள்ளிக்கிழமையே முதிர்கிறது.

இதில் மாத வட்டி கிடையாது, ஆண்டு வட்டியும் கிடையாது. முகப்பெறுமதியை விடக் குறைந்த விலைக்கு வாங்குவீர்கள், முதிரும் நாளில் முகப்பெறுமதி முழுவதும் கைக்கு வரும். இடையிலுள்ள வித்தியாசம்தான் உங்கள் வட்டி.

கணக்காகப் பார்த்தால், 364 நாள் உண்டியலை 8 வீதத்தில் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 100 ரூபாய் முகப்பெறுமதிக்கு நீங்கள் கட்டுவது ஏறத்தாழ 92 ரூபாய் 60 சதம். அதாவது 10 இலட்சம் உண்டியலுக்கு 9 இலட்சத்து 26 ஆயிரம் அளவில் கொடுக்கிறீர்கள், ஆண்டு முடிவில் 10 இலட்சம் வருகிறது, இலாபம் 74,000 அளவு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். "பத்து இலட்சத்துக்கு எழுபத்து நாலாயிரம் என்றால் 7.4 வீதம்தானே, 8 என்று ஏமாற்றுகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் போட்டது 10 இலட்சம் இல்லையே, 9 இலட்சத்து 26 ஆயிரம். அந்தத் தொகைக்கு 74,000 என்றால் 8 வீதம் சரியாக வரும். 91 நாள் உண்டியல் என்றால் அதே 8 வீதத்தில் விலை 98 ரூபாய் 4 சதம் அளவில் நிற்கும். அங்கே மூன்று மாதத்து வட்டிதான் கழிகிறது, அதனால் விலை முகப்பெறுமதிக்குக் கிட்டவே இருக்கும்.

இந்த 8 வீதத்தை நான் உதாரணத்துக்காகச் சொன்னாலும், 2025 இல் வீதங்கள் அந்தப் பக்கம்தான் நின்றன. 2022 கடைசியில் 30 வீதத்தைத் தாண்டிய அதே உண்டியல்தான் இதுவும்.

வங்கி இதில் யார்?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் இலகு. நிலையான வைப்பில் நீங்கள் கடன் கொடுப்பது வங்கிக்கு. உண்டியலில் கடன் கொடுப்பது அரசாங்கத்துக்கு. வங்கி நடுவில் நிற்கும் வியாபாரி, அவ்வளவுதான். அந்த வியாபாரியின் இலாபம் கட்டணம் என்று தனியாக எழுதப்பட்டிருக்காது, உங்களுக்குச் சொல்லும் வீதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: வீதத்தில் எவ்வளவு வெட்டுகிறார்கள், வாங்கிய உண்டியல் உண்மையிலேயே உங்கள் பெயரில் பதிந்திருக்கிறதா.

உண்டியல்கள் முதலில் ஏலத்தில் விற்கப்படுகின்றன. வழமையாகப் புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை காசு கட்டித் தீர்வு. விடுமுறை வந்தால் நாள் முன்பின்னாகும். ஏலத்தில் நீங்களும் நானும் நேரடியாகக் கேட்க முடியாது, மத்திய வங்கி நியமித்த முதனிலை வணிகர்கள்தான் கேட்பார்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, கொமர்ஷல் வங்கி, சம்பத் வங்கி போன்றவற்றுக்குள் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தேசிய சேமிப்பு வங்கி ஒரு துணை நிறுவனம் வழியாகச் செய்கிறது. வங்கி அல்லாத முதனிலை வணிகர் நிறுவனங்களும் உண்டு. முழுப் பட்டியலும் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். காசு கொடுக்கும் முன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

படி 1: கிளையில் யாரைக் கேட்பது

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ உள்ள கிளையில் உண்டியல் விற்கும் மேசை என்று ஒன்று இருக்காது. வியாபாரம் நடப்பது கொழும்பில், தலைமை அலுவலகத்தின் திறைசேரிப் பிரிவில். கிளை உங்கள் படிவத்தை வாங்கி அனுப்பிவைக்கும், அவ்வளவுதான். ஆகவே "எனக்கு உண்டியல் வேண்டும்" என்று முன்மேசையில் கேட்டு நேரத்தை வீணாக்காமல், திறைசேரிப் பிரிவின், அதாவது முதனிலை வணிகர் பிரிவின், தொலைபேசி இலக்கத்தைக் கேளுங்கள். அங்கே பேசுபவர்களுக்கு விஷயம் தெரியும், வீதமும் அங்கேயே சொல்வார்கள்.

கிளையில் இன்னொன்றும் நடக்கும். "ஏன் அம்மா அந்தக் கரைச்சல், இஞ்சையே எஃப்டி போடுங்கோவன்" என்று அன்பாகச் சொல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வைப்பைக் கூட்டுவதுதான் கிளைக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு, உங்கள் காசு உண்டியலுக்குப் போனால் அவர்களின் வைப்புக் கணக்கில் அந்த அளவு குறையும். சிரித்துக்கொண்டே படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்பதையும் இந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும். உங்களிடம் இருப்பது அதைவிடக் குறைவு என்றால் அரச பிணையங்களில், அதாவது அரசாங்கம் வெளியிடும் உண்டியல், முறி போன்ற கடன் பத்திரங்களில், மட்டும் முதலிடும் அலகு நம்பிக்கை நிதியம் (யூனிட் ட்ரஸ்ட்) ஒன்றைப் பார்க்கலாம், அது வேறு கதை.

படி 2: கணக்குத் திறப்பது

தேசிய அடையாள அட்டைப் பிரதி, முகவரிக்கு ஒரு மின்சார அல்லது தண்ணீர்க் கட்டணச் சிட்டை, அதே வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு, வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இருந்தால் அது. பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான். காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பகுதி படிவத்தில் இருக்கும், காணி விற்ற காசு என்றால் உறுதிப் பிரதியைக் கையோடு கொண்டுபோங்கள், பிறகு அலைய வேண்டி வராது.

இதற்குள் ஒரு முக்கியமான படிவம் இருக்கிறது. அரச பிணையங்களுக்கென்று மத்திய வங்கி நடத்தும் லங்காசெக்குயர் என்ற மின்னணுப் பதிவேட்டில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்கும் படிவம் அது. 2004 முதல் உண்டியல்கள் காகிதத்தில் வருவதில்லை, இந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரிதான் உங்கள் சொத்து. பங்குச் சந்தைக்காக ஏற்கனவே சி.டி.எஸ். கணக்கு வைத்திருப்பவர்கள் "எனக்கு இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள், அது வேறு, இது வேறு.

கூட்டுக் கணக்காகத் திறக்கலாம். வயதான பெற்றோருக்காகச் செய்கிறவர்கள் கூட்டாகவே திறப்பது நல்லது. கையெழுத்து அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும், தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று என்று போட்டால் படிவம் கொழும்புக்குப் போய்த் திரும்பி வரும். மின்னஞ்சலையும் கைபேசி இலக்கத்தையும் தெளிவாக எழுதுங்கள்.

படி 3: வீதம் கேட்பது

இங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

புதன் பின்னேரம் ஏல முடிவு மத்திய வங்கித் தளத்தில் வரும். மூன்று தவணைக்கும் நிறையேற்றப்பட்ட சராசரி விளைவு வீதம் என்று ஒரு எண் இருக்கும். விளைவு வீதம் என்பது நீங்கள் கட்டும் தொகைக்கு ஆண்டுக் கணக்கில் வரும் வட்டி, மேலே சொன்ன 8 வீதம் மாதிரி. அதைக் குறித்துக்கொண்டு வியாழன் காலையில் இரண்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுங்கள். "364 நாள், முகப்பெறுமதி பத்து இலட்சம், இன்றைக்கு என்ன விளைவு வீதம் தருவீர்கள்?" இப்படிக் கேட்டால் அவர்களும் சுற்றி வளைக்க மாட்டார்கள். ஏலத்தில் 8 வந்திருக்கிறது, உங்களுக்கு 7.6 சொல்கிறார்கள் என்றால், 10 இலட்சம் முகப்பெறுமதியில் நீங்கள் ஏறத்தாழ 3,400 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அதுதான் அவர்களின் கூலி. சின்னத் தொகைக்கு ஏல வீதத்தையே தருவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஆனாலும் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், கேட்டால்தான் குறையும். தொகை பெரிதாக இருந்தால் பேரம் பேசலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தச் சந்தையே பேரத்தில் ஓடுவதுதான்.

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வங்கியின் கையிருப்பில் உள்ள உண்டியலை இரண்டாந்தரச் சந்தையில், அதாவது ஏற்கனவே வெளியான உண்டியல்கள் கைமாறும் சந்தையில், எந்த வேலை நாளிலும் வாங்கலாம். அப்போது மீதி நாட்கள் 80, 143, 300 என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் ஒக்டோபரில் கட்ட வேண்டும் என்றால் செப்டெம்பர் கடைசியில் முதிரும் உண்டியலாகக் கேட்டு எடுக்கலாம். நிலையான வைப்பில் இந்த வசதி இல்லை.

இன்னொரு விஷயம், கவனம். உண்டியல் கேட்கப் போனவரிடம் சில வேளை "மீள்கொள்வனவு" ஒன்றை நீட்டுவார்கள். அரச பிணையத்தை இப்போது உங்களுக்கு விற்று, ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ குறித்த விலைக்குத் திரும்ப வாங்குவதாக வங்கி ஒப்பந்தம் செய்யும். அதில் தவறில்லை, ஒரு மாதத்துக்குள் காசு தேவைப்படும் என்றால் பொருத்தமும்கூட. ஆனால் அங்கே காசைத் திருப்பித் தர வேண்டியவர் உங்களுக்கு விற்ற நிறுவனம், அரச பிணையம் ஈடாகப் பின்னால் நிற்கிறது, அதுவும் அது ஒழுங்காக உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தால்தான். 2016 தொடக்கத்தில் ஒரு முதனிலை வணிகர் நிறுவனத்தின் நிர்வாகத்தை மத்திய வங்கி தலையிட்டு எடுக்க வேண்டி வந்தது, வாடிக்கையாளர் காசுக்கு ஈடாக இருக்க வேண்டிய பிணையம் சரியாக இல்லாததுதான் அங்கே சிக்கல். எடுப்பது உண்டியலா மீள்கொள்வனவா என்பது படிவத்தில் எழுதியிருக்கும், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: காசு கட்டி, பதிவைப் பார்ப்பது

வீதம் ஒத்துவந்ததும் எழுத்தில் அறிவுறுத்தல் கொடுங்கள், மின்னஞ்சல் போதுமென்றால் மின்னஞ்சல். காசு அதே வங்கிக் கணக்கில் இருந்தால் அன்றே முடிந்துவிடும். வேறு வங்கியிலிருந்து வருவதென்றால் காசோலையை நம்பாதீர்கள், அது தெளிவதற்குள் பேசிய வீதம் போய்விடும், வங்கிகளுக்கிடையே காசை உடனே மாற்றும் ஆர்.டி.ஜி.எஸ். வழியாக அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வியாபார உறுதிச் சீட்டு வரும். அதில் பார்க்க வேண்டியவை: உங்கள் பெயர், முகப்பெறுமதி, கட்டிய தொகை, விளைவு வீதம், தீர்வு நாள், முதிர்வு நாள், பிணைய இலக்கம். இந்த இலக்கம் எல்.கே.ஏ. என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும், அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் 091 அல்லது 182 அல்லது 364. அதைப் பார்த்தே எந்தத் தவணைக்கு வெளியான உண்டியல் என்று சொல்லிவிடலாம்.

சீட்டு கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம், அது விற்றவர் தரும் காகிதம்தானே. லங்காசெக்குயரிலிருந்து வரும் கூற்று மத்திய வங்கி சொல்வது. பதிவை இணையத்தில் பார்க்கும் வசதியும் உண்டு, படிவம் நிரப்பும்போதே அதையும் கேட்டு எடுத்துவிடுங்கள். சீட்டில் உள்ள பிணைய இலக்கமும் முகப்பெறுமதியும் அங்கே உங்கள் பெயருக்கு எதிரே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், நாளைக்கு அந்த வங்கிக்கு என்ன நடந்தாலும் உண்டியல் உங்களுடையது. இல்லையென்றால் அன்றே தொலைபேசி எடுங்கள்.

வரி

2025 ஏப்ரல் 1 முதல் வட்டிக்கான நிறுத்திவைத்தல் வரி 10 வீதம், முன்பு 5 ஆக இருந்தது. மேலே சொன்ன 74,000 இல் 7,400 போனால் கையில் நிற்பது 66,600. 8 வீதம் 7.2 ஆகிறது. நிலையான வைப்புக்கும் இதே வரிதான், ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது இரண்டிலும் கழித்துப் பாருங்கள், ஒன்றில் மட்டும் கழித்துவிட்டு "எஃப்டி தான் நல்லம்" என்று முடிவுக்கு வராதீர்கள். வங்கியிடம் கேட்கும்போதும் வரி போகக் கையில் வரும் தொகையையே கேளுங்கள்.

இந்த 10 வீதம் இறுதி வரி இல்லை, முன்கூட்டியே எடுப்பதுதான். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருந்தால் உங்களுக்கு வருமான வரியே கிடையாது, சுயபிரகடனம் கொடுத்து வரி பிடிக்காமல் செய்ய முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள், பிடித்துவிட்டால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கோரலாம். மறுபக்கம், சம்பளமே உங்களை 36 வீதப் படிக்குக் கொண்டுபோயிருந்தால் உண்டியல் வருமானத்துக்கும் அந்தப் படியில்தான் வரி, மீதி 26 வீதத்தை நீங்களே காட்டிக் கட்ட வேண்டும்.

எந்தத் தவணை?

வீதம் ஏறும் என்று நினைத்தால் குறுகியது, இறங்கும் என்று நினைத்தால் நீண்டது. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆனது என்று 2022 ஐப் பாருங்கள். அந்த ஆண்டுக் கடைசியில் 91 நாள் உண்டியல் 30 வீதத்துக்கு மேலே, 364 நாள் 29 வீதத்தை ஒட்டி. கண்ணை மூடிக்கொண்டு கூடிய வீதத்தை எடுத்தவர்கள் 91 நாளுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு மூன்று மாதமும் புதுப்பிக்கும்போது வீதம் கீழே கீழே போனது, 2023 முடியும்போது 15 வீதத்துக்கும் கீழே. குறைந்த வீதம் என்று தெரிந்தும் 364 நாளைப் பிடித்தவர்களுக்குத்தான் ஆண்டு முடிவில் கூட நின்றது.

எனக்கு ஊகிக்கப் பிடிக்காது. காசை நாலாகப் பிரித்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 364 நாள் உண்டியல் ஒன்று எடுத்தால், முதல் ஆண்டு கடந்ததும் காலாண்டுக்கு ஒன்று முதிரும். அவசரத்துக்குக் காசு ஓரளவு கிட்ட இருக்கும், வீதம் எந்தப் பக்கம் போனாலும் பாதி சரியாக இருப்பீர்கள். மாதா மாதம் வட்டியில் வீட்டுச் செலவு பார்ப்பவர்களுக்கு இது சரிவராது, அவர்கள் மாத வட்டி தரும் நிலையான வைப்பிலேயே ஒரு பகுதியை வைத்திருப்பது நல்லது.

இடையில் விற்க வேண்டி வந்தால்

விற்கலாம், வங்கியே வாங்கிக்கொள்ளும், ஆனால் அன்றைய விலைக்கு. அதே உதாரணம்: 8 வீதத்தில் 9 இலட்சத்து 26 ஆயிரத்துக்கு வாங்கினீர்கள், 182 நாள் கழித்து விற்கிறீர்கள். சந்தை இன்னும் 8 வீதத்தில் இருந்தால் 9 இலட்சத்து 61 ஆயிரம் அளவில் கிடைக்கும். 12 ஆக ஏறியிருந்தால் 9 இலட்சத்து 43 ஆயிரம். 20 ஆகிவிட்டிருந்தால் 9 இலட்சத்து 9 ஆயிரம்தான், போட்ட காசே குறைகிறது. நடக்காத கதை இல்லை, 2022 ஏப்ரல் 8 ஆம் தேதி மத்திய வங்கி தன் கொள்கை வீதத்தை, அதாவது சந்தை வட்டிகளை வழிநடத்தும் அடிப்படை வீதத்தை, ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இதற்கு மேல் வங்கி தன் பங்குக்கும் வெட்டும். முதிரும்வரை வைத்திருக்கிறவருக்கு இதில் எதுவும் இல்லை.

அரசாங்கம் கட்டாமல் விட்டால்?

நியாயமான பயம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய நாடு இது. 2023 ஜூனில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறார்கள் என்று வந்ததும், வங்கிகளுக்கு விசேட விடுமுறையும் விட்டதும், என்ன நடக்கப்போகிறதோ என்று எல்லாரும் தவித்தார்கள். கடைசியில் மாற்றப்பட்டது மத்திய வங்கியின் கையிலிருந்த உண்டியல்களும் ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றின் முறிகளும் (அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன் பத்திரங்கள்)தான், பொதுமக்களும் வங்கிகளும் வைத்திருந்த உண்டியல்களைத் தொடவில்லை, முதிர்ந்த நாளில் காசு வந்தது. அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: வங்கி வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் பெரிய தொகை ஒரே வங்கியில் வைத்திருப்பவர், குறிப்பாகச் சின்ன நிதிக் கம்பனிகளில் வைத்திருப்பவர், உண்டியலைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

உண்மையில் கடித்தது பணவீக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் அது 69.8 வீதம். உண்டியலில் 30 வீதம் எடுத்தவரும் பொருள் வாங்கும் சக்தியில் தோற்றார்தான், வைப்பில் இருந்தவர் இன்னும் தோற்றார்.

முதிரும் நாள்

வாங்கும்போதே அறிவுறுத்தல் கொடுத்துவிடலாம்: காசைக் கணக்கில் போடு, அல்லது திரும்ப முதலிடு. "திரும்ப முதலிடு" என்று பொதுவாக எழுதிவைத்தால் அவர்கள் சொல்லும் வீதத்தில்தான் போகும். நான் எப்போதும் கணக்குக்கு வரச் சொல்கிறேன், முதிரும் வாரத்துப் புதன்கிழமை ஏல முடிவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன். முதிர்வு நாளைக் கைபேசி நாட்காட்டியில் போட்டு வைக்காவிட்டால் காசு சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குக் கிடக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

கனடா, லண்டன், சுவிஸ் பக்கம் இருந்து கேட்பவர்கள் பலர். உங்களாலும் வாங்க முடியும், உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை இலங்கை வங்கியொன்றில் திறந்து, வெளிநாட்டு நாணயத்தை அதற்குள் கொண்டுவந்து அதன் வழியாக வாங்க வேண்டும், அப்போதுதான் முதிர்ந்த காசைத் திரும்ப வெளியே எடுக்கலாம். ஊரிலுள்ள தம்பியின் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் வாங்கினால் அது சட்டப்படி தம்பியின் காசு, வரியும் அவர் தலையில். வீதத்தை மட்டும் பார்த்து இறங்கவும் வேண்டாம்: 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 ஆகிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் போன மதிப்பை டொலர் கணக்கில் ஈடுகட்ட எந்த உண்டியல் வீதமும் போதாது.